விரைவில் என்றொரு நாள் இல்லை

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்ற பின்னர், நம் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பங்குத்தந்தை இல்லத்தின் படியேறி வந்தாள். அருகிலுள்ள நகரத்துக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்பவள். கையிலே ஒரு பாடநூல். அதில் ஒரு சொல்லின் கீழே பென்சிலால் இட்ட கோடு.

"சாமி, ஒரு சந்தேகம். இந்தச் சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்த்தேன். பார்த்தும் மனத்தில் பிடிபடவில்லை. இது லத்தீனிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது. சாமிக்கு லத்தீன் தெரியும், போய்க் கேள் என்று அம்மா அனுப்பினார்கள்."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தோம். 'வெலீயிட்டி' என்றிருந்தது.

உண்மையைச் சொன்னால், நமக்குப் பெருமகிழ்ச்சி. திருமண ஓலை, கல்லறைத் தோட்டத்து வேலி, ஒலிபெருக்கிக் கட்டணம் என்றே கழிந்து போகும் பங்குத்தந்தையின் நாள்களில், ஒரு சொல்லின் வேரைத் தேடி ஒருவர் வருவது அரிதினும் அரிது. நாற்காலியை இழுத்துப் போட்டு அமரச் செய்தோம். அந்த ஒரு சொல் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்பதை அப்போது அறிந்தோமில்லை.

லத்தீனில் 'வோலோ' என்றால் 'விரும்புகிறேன்', 'மனம் கொள்கிறேன்' என்று பொருள். 'விரும்புதல்' என்பதற்கு 'வெல்லே' என்பர். இதனை அடியாகக் கொண்டு இடைக்காலத்து இறையியல் ஆசிரியர்கள் 'வெல்லேயித்தாஸ்' என்றொரு சொல்லை ஆக்கிக் கொண்டனர். அதுவே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துள் புகுந்து 'வெலீயிட்டி' ஆயிற்று. செயலாக மலராத விருப்பம், முயற்சியின் வாசற்படியைக்கூடத் தொடாத ஆசை என்பது இதன் பொருள்.

குருமடத்தில் நமக்கு லத்தீன் கற்பித்த முதிய ஆசிரியர் இதை விளக்கிய விதம் இன்றும் நினைவில் நிற்கிறது. 'வோலோ' என்பதற்கும் 'வெல்லெம்' என்பதற்கும் வேறுபாடு என்ன என்று கேட்டார். முன்னது 'விரும்புகிறேன்', பின்னது 'விரும்பத்தான் செய்வேன், ஆனால்...' என்று இழுப்பது. "'வோலோ' என்பவன் எழுந்து செருப்பை மாட்டுகிறான். 'வெல்லெம்' என்பவன் நாற்காலியில் சாய்ந்தபடியே பெருமூச்சு விடுகிறான்" என்றார் அவர். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம்.

புனித தோமாஸ் அக்குவினாஸ் (1225–1274) தமது இறையியல் தொகுப்பில் இச்சொல்லை எடுத்தாள்கிறார். நிறைவான மனவுறுதி, இயலக்கூடிய ஒன்றையே நாடும். இயலாத ஒன்றின்மேல் செல்லும் விருப்பம் நிறைவற்றது. 'இயலுமானால் விரும்புவேன்' என்னும் அந்த நிலையையே சிலர் 'வெல்லேயித்தாஸ்' என்று அழைக்கின்றனர் என்பது அவர் தரும் விளக்கம். ஆக, இது மறைநூல் வகுப்பறையில் பிறந்து இலக்கிய வீதிக்கு நடந்து வந்த சொல்.

அவ்வீதியில் அதனைக் கையாண்டோர் யாவர்? ஆங்கில மெய்யியலார் ஜான் லாக் 1690இல் வெளிவந்த மனித அறிவாற்றல் பற்றிய தமது பெருநூலில், ஆசையின் படிக்கட்டில் ஆகக் கீழ்ப்படி இதுவே என்கிறார். ஒரு பொருள் இல்லாமையால் மனத்தில் எழும் குறை மிகச் சிறிதாக இருந்தால், மனிதன் அதைப் பெறுவதற்கான வழிகளில் முனைந்து இறங்கமாட்டான், மெல்லிய விருப்பத்தோடு நின்றுவிடுவான் என்பது அவர் கருத்து. அதே நூற்றாண்டின் ஆங்கிலிக்கன் மறையுரையாளர் ராபர்ட் சவுத் இன்னும் கூர்மையாகப் பேசினார். ஒன்றை ஆசைப்படுவதும் அதை மனம் கொண்டு தீர்மானிப்பதும் ஒன்றாகா. மனிதர் முன்னதைப் பின்னதென்று மயங்குகின்றனர். முடிவை நினைத்து இன்புறுவதும் வழியை எண்ணாமலே இருப்பதுமே இந்நோயின் இயல்பு என்று காட்டினார்.

மாணவியின் பாடத்தில் இருந்தது டி.எஸ். எலியட் எழுதிய 'ஒரு சீமாட்டியின் சித்திரம்' என்னும் கவிதை. 1917இல் வெளிவந்த அவரது முதல் தொகுப்பில் உள்ளது. வயதில் மூத்த ஒரு சீமாட்டியின் வரவேற்பறைக்கு ஓர் இளைஞன் வந்து போகிறான். அவள் நட்பைப் பற்றிப் பேசுகிறாள். அவன் புன்னகைக்கிறான், தேநீர் அருந்துகிறான். மாதங்கள் கழிகின்றன. இருவர் உள்ளத்திலும் ஏதோ இருக்கிறது, ஒன்றும் நடப்பதில்லை. இறுதியில் அவன் வெளிநாடு செல்லப் புறப்படுகிறான். இவள் ஒரு மாலையில் இறந்துபோனால் நான் என்ன எண்ணுவேன் என்று அப்போதுதான் தன்னைக் கேட்டுக் கொள்கிறான். அவர்களுடைய பேச்சு எவற்றினிடையே நழுவிச் செல்கிறது என்பதைச் சொல்ல வந்த இடத்தில், இச்சொல்லைப் பன்மையில் வைத்திருக்கிறார் எலியட். மெய்யியல் பயின்ற கவிஞர் அவர். பள்ளி இறையியலின் சொல்லொன்றைத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே வைக்கத் தெரிந்திருந்தது.

மாணவி எல்லாவற்றையும் குறித்துக் கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "புரிகிறது, சாமி. வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னால் மறக்கமாட்டேன்" என்றாள்.

வாசக அன்பர்களே, அக்கணத்தில் நம் மனத்தில் முதலில் எழுந்தது நம் தம்பியின் முகம். ஆனால் நாம் அதைச் சொல்லவில்லை. அகராதி தந்த அறிஞர் சாமுவேல் ஜான்சனைச் சொன்னோம். 1755இல் ஆங்கில மொழிக்குப் பேரகராதி செய்தளித்த அவர், அதிகாலையில் எழவேண்டும் என்று ஆண்டுதோறும் தீர்மானித்து, ஆண்டுதோறும் தவறியவர். அவர் தனியே எழுதி வைத்த மன்றாட்டுகளும் சிந்தனைகளும் அவர் இறந்த பின் 1785இல் அச்சாயின; காலை எட்டு மணிக்கேனும் எழவேண்டும் என்ற தீர்மானம் அவற்றில் காணக் கிடக்கிறது. மாணவி சிரித்தாள். நன்றி கூறி விடைபெற்றாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு நம் அன்னை இறைவனடி சேர்ந்தார். ஊரில் அவரோடு வாழ்ந்தவன் தம்பிதான். அடக்கம் முடிந்து பந்தலில் உறவினர் எல்லாரும் அமர்ந்திருக்க, துயரமும் சினமும் ஒன்றாய்த் தலைக்கேறி, "அறுவடைக்கு உனக்கு நேரம் இருந்தது, அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேரம் இல்லை" என்று நாம் சொல்லிவிட்டோம். சொன்னது குருவானவர், ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை. அவனும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து நம் சித்தி வந்து நடந்ததைச் சொன்னார். வண்டி வாசலில் நிற்க, வரமாட்டேன், இந்தக் கட்டிலிலேயே கிடக்கிறேன் என்று அடம் பிடித்தவர் அன்னைதாம். தம்பி கடன் வாங்கி மருத்துவரை வீட்டுக்கே மூன்று முறை அழைத்து வந்திருக்கிறான். நாம் கூறியது முழுப் பிழை. அதை அறிந்த நாளிலிருந்து, அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று விரும்பினோம். எத்தனை உண்மையாக விரும்பினோம்! ஒவ்வொரு தவக்காலத்திலும் விரும்பினோம். ஒப்புரவைப் பற்றி மறையுரை ஆற்றும்போதெல்லாம் விரும்பினோம். அந்த விருப்பத்தால் நம் குரலும் தழுதழுத்தது. அவன் மகளின் திருமண அழைப்பிதழ் அஞ்சலில் வந்தது. அன்று நம் பங்கில் திருவிழாக் கொடியேற்றம் என்று காரணம் கூறி, அன்பளிப்பை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினோம். நம் கைப்பேசியில் அவன் எண் இருந்தது. பெயரைத் தொட்டால் போதும். தொடவில்லை.

நாம் தீயவர் என்று ஒருநாளும் நம்மை எண்ணிக்கொள்ளவில்லை. அதுதான் இந்தச் சொல்லின் நஞ்சு. வெறுப்பவனுக்குத் தான் வெறுப்பது தெரியும். மன்னிப்புக் கேட்க 'விரும்பிக்கொண்டே' இருப்பவனுக்கோ, பாதி கேட்டுவிட்டாற்போல ஒரு நிறைவு உண்டாகிறது. கடனைத் தீர்க்க நினைத்ததையே வட்டி கட்டியதாக அவன் கணக்கெழுதிக் கொள்கிறான்.

அடுத்த மாதம் குருக்களுக்கான ஆண்டுத் தியானம். ஓய்வு பெற்ற முதிய குரு ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தோம். தம்பியின் செய்தியைக் கூறி, "அவனிடம் போய் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன், சாமி" என்றோம். முந்திய பல ஆண்டுகளிலும் இதையே பலரிடம் கூறி, ஆறுதல் மொழி கேட்டு எழுந்து வந்திருக்கிறோம்.

அவர் ஆறுதல் கூறவில்லை. "எந்த நாள்?" என்றார்.

"விரைவில், சாமி."

"விரைவில் என்றொரு நாள் வாரத்தில் இல்லையே. எந்த நாள்?"

திகைத்துப் போனோம். எண்ணிப் பார்த்து, "வருகிற செவ்வாய்க்கிழமை" என்றோம்.

"எந்தப் பேருந்து?"

குருவான ஐம்பது வயதைக் கடந்த மனிதர், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டபடி பேருந்து நேரத்தை நினைவுகூர்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். "காலை ஆறேகால்" என்றோம். "நல்லது" என்றார் அவர். அதன் பின்னரே பாவப் பொறுத்தல் வழங்கினார்.

மனத்துயரோடு, இனிச் செய்வதில்லை என்னும் பிரதிக்கினையும் வேண்டும் என்று 1551இல் திரிதெந்தின் சங்கம் கற்பித்ததை நாம் குருமடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். பிறருடைய பாவசங்கீர்த்தனத்தில் அதைத் தேடவும் பழகியிருந்தோம். நம்முடையதில் இருந்தது பிரதிக்கினை அன்று, வெறும் வெலீயிட்டி என்பதை, நாள், பேருந்து என்னும் இரண்டு கேள்விகளால் அம்முதியவர் காட்டிவிட்டார். வழியை எண்ணாமல் முடிவை மட்டும் நினைத்து இன்புறுதல் என்று சவுத் சொன்னதும் இதைத்தானே! வழி என்பது நம் ஊரில் காலை ஆறேகால் பேருந்து.

தியானம் முடிந்து திரும்பிய இரவில் ஜான்சனின் இன்னொரு வரலாறு நினைவுக்கு வந்தது. மாணவியிடம் அதைச் சொல்லாமல் விட்டிருந்தோம். அவருடைய தந்தை மைக்கேல் ஜான்சன் லிச்ஃபீல்டு நகரில் புத்தக வணிகர். சந்தை நாள்களில் உட்டாக்ஸிட்டர் என்னும் ஊரில் கடை விரிப்பார். ஒருநாள் மகனையும் உடன் வருமாறு கேட்டார். இளைஞரான ஜான்சன் செருக்கினால் மறுத்துவிட்டார். தந்தை 1731இல் இறந்தார். அந்த மறுப்பு மகனின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிற்று. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, முதியவராகிப் புகழின் உச்சியிலிருந்த ஜான்சன் அந்தச் சந்தைக்குச் சென்றார். தந்தையின் கடை இருந்த இடத்தில், கொட்டும் மழையில், தலையில் தொப்பியின்றி நெடுநேரம் நின்றார். இதை அவரே கூறியதாக அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார்.

காலையில் எழும் தீர்மானத்தில் தோற்றுக்கொண்டே இருந்தவர், இந்த ஒன்றில் தோற்கவில்லை. விருப்பத்துக்கு ஓர் ஊரும் ஒரு நாளும் கொடுத்தார். ஆனால் அந்தச் சந்தையில் அவரைக் காணத் தந்தை இல்லை. நம் தம்பி இருக்கிறான். இந்த எண்ணமே நம்மைச் செவ்வாய்க்கிழமை விடியலில் படுக்கையிலிருந்து எழுப்பிற்று.

நாம் போய்ச் சேர்ந்தபோது தம்பி களத்தில் நிலக்கடலை காயவைத்துக் கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. நம்மைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "வாங்க, சாமி" என்றான்.

சிறுவயது முதல், நாம் குருப்பட்டம் பெற்ற பின்னரும், நம்மை 'அண்ணே' என்றே அழைத்தவன் அவன். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு குருவை வரவேற்பதுபோல அன்று வரவேற்றான். தம்பி மனைவி செம்பில் தண்ணீர் கொணர்ந்து வைத்தாள். நாம் தண்ணீரைக் குடித்துவிட்டு, பந்தலில் சொன்னது பிழை என்றும், ஒரு மாதத்திலேயே சித்தி மூலம் உண்மை தெரிந்துவிட்டது என்றும், தெரிந்தும் இத்தனை காலம் வாராதிருந்தது அதைவிடப் பெரிய பிழை என்றும் கூறி, மன்னிக்கும்படி கேட்டோம்.

அவன் நெடுநேரம் கடலையைத் துழாவிக் கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அம்மாதான் வரமாட்டேன்னாங்கன்னு எனக்குத் தெரியும். அது உங்களுக்கும் தெரியும்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது."

அவ்வளவே சொன்னான். நமக்கோ நெஞ்சில் இடி விழுந்தாற் போலிருந்தது. அந்தப் பதினோர் ஆண்டுகளும் நாம் மனத்துக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டே இருந்தோம். அவனோ அந்தப் பதினோர் ஆண்டுகளும், தாயைக் கைவிட்டவன் என்றே அண்ணன் தன்னை எண்ணிக்கொண்டிருப்பதாக நம்பி, உழுது, விதைத்து, மகளைக் கட்டிக் கொடுத்து வாழ்ந்திருக்கிறான். நம் விருப்பம் நம்மைத் தேற்றியது. அவனை ஒரு நாளும் எட்டவில்லை. எட்டாத விருப்பத்தால் பசித்தவனுக்கு ஒரு பிடி சோறும் இல்லை.

உறவினர் முன்னிலையில் சொன்னதை உறவினர் முன்னிலையில்தானே திரும்பப் பெறவேண்டும்? அது விரைவில் என்று சொல்ல நாக்கு எழுந்தது, அடக்கிக் கொண்டோம். "நவம்பர் 2, கல்லறைத் திருநாள், காலைத் திருப்பலி முடிந்ததும்" என்றோம். நம் பங்கில் கல்லறை மந்திரிப்பு மாலையில்தான்; ஆகவே இயலும். அவ்வாறே அன்னையின் கல்லறையருகே, சித்தியும் மாமன்மாரும் நிற்க, நடந்ததைக் கூறினோம். சிலர் அழுதனர். ஒரு மாமன், "இதைச் சொல்ல இத்தனை வருஷமா, சாமி?" என்றார். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை.

எல்லா வெலீயிட்டியும் குற்றம் என்று நாம் கூறவரவில்லை. இயலாததை விரும்புவது மனித இயல்பு. புனித தோமாஸ் இதே சொல்லை ஆண்டவரின் கெத்சமனி மன்றாட்டைப் பற்றிப் பேசும் இடத்திலும் பயன்படுத்துகிறார் என்பது வியப்புக்குரியது. கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டும் என்று மனித இயல்பில் எழுந்த விருப்பம், முழுமையான தீர்மானம் அன்று என்று விளக்குகிறார். ஆண்டவர் அதை மறைக்கவில்லை. தந்தையின் முன்னே விரித்துக் காட்டி, அவர் திருவுளத்துக்கு விட்டுக் கொடுத்தார். பிறகு எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தோரை எதிர்கொண்டு நடந்தார். ஆகவே இயலாத விருப்பத்தை இறைவனிடம் ஒப்படைத்து எழுந்துவிடலாம், அதில் குறையில்லை. இயலும் ஒன்றை இயலாததுபோல் வைத்துப் பெருமூச்சு விடுவதே பிழை. தம்பியின் வீடு பேருந்து போகும் தொலைவில்தான் இருந்தது.

அண்மையில் அம்மாணவி மீண்டும் வந்தாள். நம்மிடம் கடனாக நின்ற எடுத்துக்காட்டை இம்முறை மறைக்காமல் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "சாமி, இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது" என்றாள்.

"என்ன?"

"'பார்க்கலாம்.' எங்கள் வீட்டில் தினமும் அதைத்தானே சொல்கிறோம்!"

எந்த அகராதியும் இத்தனை நெருக்கமாகச் சொல்லாது. தனியே வாழும் பெரியம்மாவைப் போய்ப் பார்க்கவேண்டும், பார்க்கலாம். குடும்பச் செபத்தை மீண்டும் தொடங்கவேண்டும், பார்க்கலாம். பத்திரத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் வீட்டுக்குக் கிறிஸ்து பிறப்பு நாளில் பலகாரம் அனுப்பவேண்டும், பார்க்கலாம். எல்லாம் நல்ல விருப்பங்களே. நல்லவையாக இருப்பதால்தான் நாம் அவற்றை ஐயுறுவதில்லை.

அன்பர்களே, உங்கள் உள்ளத்திலும் அத்தகைய விருப்பம் ஒன்று பல ஆண்டுகளாக நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். இன்றிரவு செபம் முடிந்ததும், அம்முதிய குரு நம்மைக் கேட்ட இரண்டு கேள்விகளை அதனிடம் கேளுங்கள். எந்த நாள்? எந்தப் பேருந்து?

செவ்வாய்க்கிழமையன்று நாம் திரும்புகையில், தம்பி ஒரு பை நிறையக் கடலையோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தான். வழியெல்லாம் மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியுமே பேசினோம். பேருந்து வந்து நின்றது. நாம் ஏறி அமர்ந்ததும், சன்னல் வழியே பையை நீட்டிக் கொண்டே சொன்னான்:

"பத்திரமாப் போயிட்டு வாங்க, அண்ணே."